சிலாவோஸா, எரிமலையா? ரீயூனியனில் ஒரு நாள் பைக் சுற்றுக்கு எந்த மலை

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வரும் நம்மவர்களில் பைக் பிரியர்கள் எல்லோரும் ஒரே எண்ணிக்கையை வாயில் வைத்துக்கொண்டுதான் விமானத்தை விட்டு இறங்குகிறார்கள். சேன்-லூயியிலிருந்து சிலாவோஸ் வரை ஏறும் என்-5 சாலையில் நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகளாம். பாரிஸில் இருக்கும் என் அண்ணன் மகன் போனில் கேட்டதும் அதைத்தான்: "கொல்லிமலையிலேயே எழுபதுதான் சித்தப்பா, இங்க நானூறாமே! ஒரு நாள்தான் கையில இருக்கு, அங்கேயே போயிடட்டுமா?"

கொல்லிமலையின் எழுபதும் கொண்டை ஊசி வளைவுகள். சிலாவோஸ் கணக்கில் லேசாகத் திரும்பும் இடமெல்லாம் சேர்த்தி. ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. அதைவிட முக்கியம், வளைவை எண்ணி வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பாதிப் பேர் மலையைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். இந்தத் தீவில் எந்தச் சாலை நல்ல சாலை என்பதை முடிவு செய்வது கடிகாரம். மேகம் எத்தனை மணிக்கு எங்கே இருக்கும், அப்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதுதான் கேள்வி.

தீவின் மொத்தப் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர்தான். அதன் நடுவே பித்தோன் தே நேழ் சிகரம் 3,070 மீட்டருக்கு எழும்பி நிற்கிறது. கடற்காற்று அந்தச் சரிவில் ஏறி ஏறிக் குளிர்ந்து, காலை ஒன்பது பத்து மணிக்குள் மேகமாகக் கட்டத் தொடங்கும். அதற்கு மேலே உலர்ந்த வெப்பக் காற்று மூடி போட்டதுபோல உட்கார்ந்திருப்பதால், ஜூலை ஆகஸ்டை ஒட்டிய இங்கத்திய குளிர்காலத்தில் பெரும்பாலான நாள்களில் மேகம் 2,000 மீட்டரை ஒட்டி நின்றுவிடும். 2,300 மீட்டரில் நிற்பவருக்குச் சுள்ளென்ற வெயில். அதே நேரத்தில் 1,300 மீட்டரில் ஓட்டுபவருக்கு முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. சிலாவோஸ் ஊர் இருப்பது சுமார் 1,200 மீட்டரில். எரிமலைச் சாலை முடிவது 2,311 மீட்டரில். எங்கே மூட்டம், எங்கே வெயில் என்பது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

ஒரு நாளில் பைக்கில் முடிக்கக்கூடிய மலைப் பயணங்கள் என்று பார்த்தால் நான்குதான் தேறும்: சிலாவோஸ், சலசி, மைதோ, தீவைக் குறுக்கே தாண்டி எரிமலையைச் சுற்றி வரும் வழி. இவற்றில் முதல் இரண்டும் சுற்றே அல்ல. சிலாவோஸும் சலசியும் பழைய எரிமலை இடிந்து அரித்து உண்டான கிண்ணங்கள். சுற்றிலும் ஆயிரம் மீட்டர் சுவர். உள்ளே போக ஒரே வாசல், வெளியே வரவும் அதே வாசல். மூன்றாவது கிண்ணமான மஃபாத்துக்கு அந்த வாசலும் கிடையாது. அங்கே நடந்து போகலாம், அல்லது ஹெலிகாப்டரில் இறங்கலாம். இந்தக் கிண்ணங்களும் சிகரங்களும் 2010-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அதற்குப் பிறகு வாடகைக் கார்களும் கூடிவிட்டன என்பது வேறு கதை.

சிலாவோஸ்: இரவு தங்கினால் மட்டும்

சாலை என்ற அளவில் சிலாவோஸை மிஞ்ச இங்கே எதுவுமில்லை, ஒப்புக்கொள்கிறேன். சேன்-லூயியிலிருந்து 37 கிலோமீட்டர் போல. 1930-களின் தொடக்கத்தில் இந்தச் சாலை முடியும்வரை ஆள்கள் நடந்து ஏறினார்கள். வசதியுள்ளவர்களை வெந்நீர் ஊற்றுக் குளியலுக்காக நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். இப்போதும் சில இடங்களில் சாலை அந்த ஒற்றையடிப் பாதையை மறக்கவில்லை. ஒரு வண்டி மட்டுமே நுழையும் குகைப்பாதைகள் உண்டு, உள்ளே போகும்முன் எதிரே விளக்கு தெரிகிறதா என்று நின்று பார்க்க வேண்டும். ஓரிடத்தில் சாலை வட்டமடித்துத் தன் தலைக்கு மேலேயே பாலமாக ஏறிப் போகிறது. பாறைச்சுவர் வலப்பக்கம் தோளை உரசும், இடப்பக்கம் ஆற்றுப்பள்ளம்.

ஆனால் பேருந்தும் இதே சாலையில்தான் வருகிறது. கொண்டை ஊசியில் பேருந்துக்கு மொத்த அகலமும் வேண்டும். ஹாரன் சத்தம் கேட்டால் பெருமை பார்க்காமல் முன்கூட்டியே நின்றுவிடுங்கள். இரண்டு வண்டி தாண்ட முடியாத ஏற்றத்தில் இறங்குபவர்தான் முதலில் நிற்க வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். நம்மூர் மலைச்சாலை வழக்கமும் அதுவே. வாடகைக் காரில் வரும் சுற்றுலாக்காரர்களுக்கு இது தெரியும் என்று நம்பிவிட வேண்டாம்.

இந்தியாவிலோ மொரீசியஸிலோ ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே இடப்பக்கம் ஓட்டுவதால் இடது கொண்டை ஊசிதான் இறுக்கமானது, வலது திருப்பம் அகலமாகக் கிடைக்கும். இங்கே வலப்பக்க ஓட்டம். இறுக்கமான உள்வளைவெல்லாம் வலப்பக்கம் வரும். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் பழகிவிடும் இந்த மாற்றம், களைத்துப்போன மாலை இறக்கத்தில் திடீரென்று கைமறந்துபோகும். எதிர்ப்பக்கத்துக்கு ஒரு நொடி நழுவினாலும் அங்கே ஒரு பேருந்து இருக்கலாம்.

ஒரே நாளில் போய்த் திரும்புவதை நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் சாலையின் அபாயம் மட்டுமல்ல. கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேற்குக் கடற்கரை ஓட்டலில் எட்டு மணிக்குச் சிற்றுண்டி முடித்துக் கிளம்பினால் சேன்-லூயி தாண்டும்போதே ஒன்பதரை. மேலே போய்ச் சேரும்போது சுவரெல்லாம் வெள்ளை மூட்டம். பயறு வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, ஈரச்சாலையில் அதே வளைவுகளை எண்ணிக்கொண்டு இறங்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து வருபவர் மனைவியானால் அன்று இரவு பேச்சு வார்த்தை இருக்காது.

மாறாக, முந்தைய பிற்பகலே மேலேறி அங்கே தங்கினால் கதையே வேறு. விடிகாலையில் கிண்ணம் முழுதும் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். ஆறரைக்கு வண்டியை எடுத்தால் பதினொரு கிலோமீட்டர் போல நீளும் இலே-ஆ-கோர்த் கிளைச்சாலை உங்களுக்கே உங்களுக்கு. பயறும் திராட்சையும் விளையும் அந்த மேட்டுக் குடியிருப்போடு சாலை முடிந்துவிடும். சிலாவோஸின் உண்மையான பைக் சாலை அதுதான் என்பது என் கட்சி. பெரிய சாலையைவிடக் குறுகல், பெரிய சாலையைவிட அமைதி. ஒன்பது மணிக்குள் பார்த்துவிட்டு, மேகம் ஏறும்போது நீங்கள் இறங்கிக்கொண்டிருக்கலாம். பழைய வெந்நீர்க் குளியலும் உண்டு, தோள்வலிக்கு நல்லது.

ஆகவே இரண்டு நாளும் ஓர் இரவும் இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை சிலாவோஸ். ஒரே நாள் உள்ளவர்களுக்கு அது கடைசி.

சலசி, மைதோ: அரை நாள் போதும்

சலசிக்கு வழி சேன்-ஆந்த்ரேயிலிருந்து, அதாவது நம் ஆள்கள் நிறைந்த ஊரிலிருந்து. கொலோஸ் கோயில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு ஆற்றோரமாகத் திரும்பினால் அரை மணி நேரத்தில் சுற்றிலும் அருவிகள். மணமகள் முக்காடு என்று பேர்பெற்ற அருவி எதிர்ச்சுவரில் இழைஇழையாக இறங்கும். இன்னொன்று சாலைமீதே தெளிக்கும், அதன் பெயரை இங்கே மொழிபெயர்க்க மாட்டேன். வழியெங்கும் பந்தலும் மரமும் வேலியும் பாராமல் சௌசௌக் கொடி படர்ந்திருக்கும். மேலே எல்-பூரில் பழைய மரவீடுகள், நல்ல சாப்பாடு.

ஓட்டுவதற்கு இது நான்கிலும் எளியது. போகவர ஐம்பது கிலோமீட்டருக்குள். சரிவும் மிதம். 125 சிசி ஸ்கூட்டரே போதும். குறை என்னவென்றால், காற்று முதலில் முட்டுவது இந்தக் கிழக்குப் பக்கத்தில்தான். வெயிலை நம்பி வரக்கூடாது, நனையத் தயாராக வரவேண்டும். மழை நாளில் அருவிகள் இரட்டிப்பாகும் என்பதால் நனைவதற்கு இதைவிட நல்ல இடமும் இல்லை. ஆனால் பெருமழைக்கு மறுநாள் போகாதீர்கள். மேலிருந்து கல் விழும் சாலை இது. தைப்பூசக் காவடி நாளில் சேன்-ஆந்த்ரே ஊருக்குள் வண்டி நகராது. அன்று பைக்கை விட்டுவிட்டுக் காவடியைப் பாருங்கள்.

மைதோ மேற்குக் கடற்கரையில் தங்குபவர்களுக்கு வசதி. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் வரை ஒரே மூச்சில் ஏற்றம். கரும்பு, பிறகு வீடுகள், பிறகு ஜெரேனியத் தைலம் காய்ச்சும் பெத்தீத்-ஃப்ரான்ஸ், பிறகு இளங்கன்றில் புளிய இலைபோன்ற இலை விடும் உயர்மலைத் தமரின் காடு, கடைசியில் ஒரு வாகன நிறுத்தம். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் காலடியில் மஃபாத் முழுதும். 2012-இல் வளிமண்டல ஆய்வகம் ஒன்றை இங்கே திறந்தார்கள். மேகத்துக்கு மேலே தெளிந்த காற்று இங்கு கிடைக்கும் என்பதால்தான் விஞ்ஞானிகளே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் நிற்கும் விளிம்பு தெளிவாக இருந்தாலும் கீழே மஃபாத் ஒன்பது மணிக்குள் நிரம்பிவிடும். எட்டுக்கு முன் போய்விட வேண்டும்.

இதை உண்மையான சுற்றாக மாற்ற ஒரு வழி உண்டு. வந்த சாலையிலேயே கடற்கரைக்கு இறங்காமல், சரிவின் நடுவே ஊர்ஊராகத் தெற்கே போகும் யூபேர்-தெலீல் சாலையைப் பிடியுங்கள். ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு மடிப்பு, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு திருப்பம், இடையிடையே கீழே கடல். லெஸ்-அவிரோன் வரை போய், 2009-இல் திறந்த ரூத் தே தமரின் விரைவுச் சாலையில் ஏறிச் சீக்கிரமாக வீடு திரும்பலாம். பகல் உணவுக்குக் கடற்கரைக்கு வந்துவிடுவீர்கள். குடும்பத்தோடு வந்திருப்பவர் காலையில் தனியாக நழுவிவிட்டு வர இதுதான் தோது.

எரிமலைச் சுற்று

என் அண்ணன் மகனுக்கு நான் சொன்னது இதைத்தான். சேன்-பியேரில் கிளம்பி என்-3-இல் தீவின் முதுகைத் தாண்டிச் சேன்-பெனுவாவில் இறங்கி, என்-2-இல் கிழக்குக் கடலோரமாகத் திரும்பி வருவது. எரிமலைக்குப் போய்வரும் கிளைச்சாலையும் சேர்ந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வளைவில் சிலாவோஸை எட்டாது. வேறு எந்தச் சாலையிலும் ஒரே நாளில் இத்தனை நிலங்கள் கிடைக்காது: கரும்புக் காடு, பசுமாட்டு மேய்ச்சல், செவ்வாய்க் கிரகம்போன்ற கசடுவெளி, ஈரக்காடு, கடலுக்குள் இறங்கிய கருங்குழம்பு. முக்கியமாக, மேகத்தின் கடிகாரத்தோடு ஒத்துப்போகும் ஒரே முழுநாள் வழி இது. காலையில் மேகத்துக்கு மேலே இருப்பீர்கள், மேகம் கட்டும்போது அதன் வழியே இறங்கிவிடுவீர்கள், பிற்பகலில் அதற்குக் கீழே கடலோரத்தில் இருப்பீர்கள்.

அதனால்தான் திசை முக்கியம். கடிகாரச் சுற்றில் போக வேண்டும், மலை முதலில், கடல் பிறகு. மாற்றிப் போகிறவர்கள் காலைத் தெளிவைக் கடலோர ஊர்களின் போக்குவரத்து நெரிசலில் செலவழித்துவிட்டு, மாலை நான்கு மணிக்குக் கிழக்குச் சரிவிலுள்ள ப்ளேன் தே பல்மிஸ்துக்கு மேலே மூட்டத்துக்குள் நுழைகிறார்கள்.

விடியும்முன் சேன்-பியேரை விடுங்கள். ஜூலையில் விடிவது ஏழு மணிக்குச் சற்று முன்னால்தான், ஆகவே இதற்காகச் சாமக்கோழியாக வேண்டியதில்லை. என்-3 அகலமான நல்ல சாலை. 1,600 மீட்டரில் ப்ளேன் தே காஃப்ர் வரும்போது குளிர் கையைக் கடிக்கும். நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்கு மேல் குறையும் என்று வையுங்கள். கடற்கரையில் 18 டிகிரி என்றால் எரிமலை விளிம்பில் நாலு ஐந்துதான், ஓடும் வண்டியின் காற்று தனி. ஜூலை ஆகஸ்டில் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதும் உண்டு. நிழல் விழும் திருப்பங்களில் அந்த வெள்ளையைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள். பெட்ரோலை இங்கேயே நிரப்பிவிடுங்கள். எரிமலைச் சாலை பிரியும் பூர்-முராவுக்கு மேலே பங்க் கிடையாது.

பூர்-முராவிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். முதலில் மேய்ச்சல் நிலத்து நீளமான திருப்பங்கள், பார்வை முன்னே நன்றாகப் போகும், வண்டியைத் தாளத்தோடு சாய்க்கலாம். இந்த நான்கு வழிகளில் ஓட்டும் சுகம் என்று எனக்குத் தோன்றுவது இந்தப் பகுதிதான். நே த பெஃப் என்ற இடத்தில் நிறுத்தி எட்டிப் பார்த்தால் ரெம்பார் ஆற்றின் பள்ளத்தாக்கு தலைசுற்ற விழுகிறது. கொஞ்சம் தள்ளி கொமெர்சோன் எரிவாய். 2007 பிப்ரவரியில் காமேத் புயலின்போது இங்கே மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. புதுச்சேரியில் ஓராண்டு முழுதும் பெய்வதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், உலகச் சாதனை. இந்தத் தீவில் வானிலை அறிவிப்பை ஏன் கேலியாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

பிறகு சாலை ஒரு விளிம்பில் ஏறி நிற்கும், கீழே ப்ளேன் தே சாப்ல். புல் பூண்டு இல்லாத கரும்பழுப்புக் கசடுவெளி, நடுவே ஒரு கோடுபோலப் பாதை. அந்தக் கோட்டில்தான் தார் இல்லாத குழிப்பாதை வரும். பெரிய அட்வென்ச்சர் வண்டிக்கு அது விளையாட்டு. சாலை டயர் போட்ட வண்டியும் இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நின்றுகொண்டு ஓட்டினால் தாண்டிவிடும். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் குழிக்குக்குழி விழும். வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே, தார் இல்லாத பாதைக்கு ஒப்பந்தத்தில் இடமுண்டா, எரிமலைக்குக் கொண்டுபோகலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அச்சடித்த தாளில் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும் வரி அது.

முடிவில் பா த பெல்கோம்ப். விளிம்பில் நின்றால் எதிரே பித்தோன் த லா ஃபுர்னேஸ், 2,632 மீட்டர், உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. வெடிப்பு நடக்கும்போது உள்வெளிக்கு இறங்கும் நடைபாதையை மூடிவிடுவார்கள், சில நேரம் சாலையிலும் கட்டுப்பாடு வரும். எட்டு மணிக்குள் இங்கே இருந்தால் நாள் வெற்றி.

திரும்பி பூர்-முராவுக்கு வந்து என்-3-இல் கிழக்கே இறங்கும்போது ஒரு கணவாயைத் தாண்டியதும் உலகமே ஈரமாகிவிடும். மேற்குப் பக்கம் காய்ந்த சாலை, இந்தப் பக்கம் பாசி. கொண்டை ஊசிகள் இருப்பதும் இங்கேதான். டயரும் சாலையும் நனைந்திருக்கும், எதிரே பால்வண்டியும் வரும், கியரைக் குறைத்து எஞ்சின் பிரேக்கிலேயே இறங்குங்கள். பல்மிஸ்தில் காப்பி. சேன்-பெனுவாவில் மலை முடிகிறது.

கிழக்குக் கடலோரத்தை மலை முடிந்தபின் வரும் உபசாரம் என்று நினைத்து வேகமாகக் கடக்கக்கூடாது. சேன்ட்-ரோஸுக்கு முன்னால் கிழக்கு ஆற்றின்மேல் பழைய தொங்குபாலம் உண்டு, இப்போது நடந்து மட்டும் போகலாம். அதற்குத் தெற்கே ஒரு தேவாலயம். 1977 ஏப்ரலில் எரிகுழம்பு ஊருக்குள் வந்து, கோயில் வாசல்வரை ஏறி, இருபுறமும் சுற்றிக்கொண்டு போய்விட்டது. பக்தர்களுக்கு அதற்கொரு விளக்கம், புவியியலாளருக்கு வேறொன்று. அப்புறம் க்ரான் ப்ரூலே. சாலை எரிகுழம்புப் பாறைகளின் குறுக்கே போகிறது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது ஓடிய ஆண்டைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பழையதில் காடு முளைத்துவிட்டது, புதியதில் சாம்பல்நிறப் பாசி மட்டும். 2007 ஏப்ரலில் இறங்கியது பெரியது. சாலையை விழுங்கிக் கடல்வரை போனது, மேலே எரிவாயின் தளமே முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளே இடிந்து இறங்கியது. அதன்மேல் புதிதாகப் போட்ட சாலையில்தான் ஓட்டுகிறீர்கள். இறங்கிப் பார்க்க ஆசை வரும், கடல் பக்கம் உங்களுக்கு இடப்பக்கம் என்பதால் எதிர்வரும் வண்டிகளைக் கடந்து நிறுத்த வேண்டும், அவசரம் வேண்டாம்.

சாலையோரத்தில் சிவப்பு வண்ணம் பூசிய சின்னச் சின்ன மாடங்கள் அடிக்கடி வரும். சேன்-எக்ஸ்பெதி என்ற புனிதருக்கு இங்குள்ளவர்கள் வைத்தவை. நம் ஊர் எல்லைச்சாமி மாதிரி வேண்டுதல் எல்லாம் உண்டு, கத்தோலிக்கரும், மல்பார் என்று இங்கே சொல்லும் தமிழ் வம்சாவளியினரும் இருவருமே கும்பிடுகிறார்கள். சேன்-ஃபிலிப்பில் வனிலாக் கொடி, சேன்-ஜோசெஃபில் மாலை நெரிசல், இருட்டும்முன் சேன்-பியேர்.

எது யாருக்கு

எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பது பாதி விடையைச் சொல்லிவிடும். வடக்கே சேன்-தெனியில் இருந்தால், விடிகாலையில் எரிமலை விளிம்பை எட்டுவது வீண்பாடு, சலசிக்குப் போங்கள். மேற்கே சேன்-ழில் பக்கம் கடற்கரை ஓட்டல் என்றால் மைதோ. தெற்கே என்றால் எரிமலைச் சுற்று. வடக்கில் தங்கியும் எரிமலைச் சுற்றுதான் வேண்டும் என்பவர்கள் முந்தைய இரவை ப்ளேன் தே காஃப்ரில் கழிக்கலாம். தங்கும் விடுதிகள் உண்டு, கம்பளி கொடுப்பார்கள்.

வண்டி மீதிப் பாதி. பிரான்சின் கார் உரிமமான பி வைத்திருந்து இரண்டாண்டு ஆனவர்கள் ஏழு மணிநேரப் பயிற்சி முடித்தால் 125 ஓட்டலாம். அதைக் கொண்டு சலசியும் மைதோவும் சுகம். எரிமலைச் சுற்று 125-இல் முடியாததல்ல, ஆனால் நாள் முழுதும் முறுக்கிப் பிடித்தே ஓட்ட வேண்டியிருக்கும், பின்னால் ஆள் இருந்தால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். 35 கிலோவாட்டுக்கு உட்பட்ட, ஏ2 உரிமத்துக்கான வண்டி இதற்கு அளவெடுத்துத் தைத்தது. அதைவிடப் பெரிய, கனமான வண்டி சிலாவோஸ் கொண்டை ஊசியில் உங்களுக்கு எதிரியாகும். நீண்ட இறக்கத்துக்குக் கியர் வண்டிதான் நல்லது. ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிமானம் குறைவு, பிரேக்கையே பிடித்துக்கொண்டு இறங்கினால் சூடேறி வலுவிழக்கும். ஸ்கூட்டரில் சிலாவோஸ் போவேன் என்று அடம்பிடிப்பவர்கள் இறங்கும்போது இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

கையுறை கட்டாயம். 2016 நவம்பரிலிருந்து ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் சான்று முத்திரை உள்ள கையுறை இல்லாவிட்டால் அபராதம், ஓட்டுபவருக்கு உரிமத்தில் ஒரு புள்ளியும் போகும். மழைச்சட்டையைப் பெட்டியின் அடியில் திணிக்காதீர்கள், காலையில் குளிருக்கும் அதுவே போர்வை. ரம் விஷயத்தில் ஒரே வரி: ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, புது உரிமக்காரர்களுக்கு 0.2. ஊறவைத்த ரம்மை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகலுக்கு வழியோரக் கடையில் சுடச்சுட பொம்போன் பிமான் இருக்கிறது, நம் பருப்பு வடைக்குத் தம்பி.

ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். குடும்பம் குடும்பமாகக் குண்டான் குண்டானாகச் சோற்றுடன் ஊரே மலைக்கு ஏறும் நாள் அது. ப்ளேன் தே காஃப்ரில் மரத்தடி கிடைக்காது, மைதோவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

பருவத்தைப் பற்றி. மே முதல் நவம்பர்வரை காய்ந்த காலம், ஓட்ட ஏற்றது. ஆனால் அதில் ஜூலையிலிருந்து டிசம்பர்வரை கரும்பு வெட்டு. தீவில் மிச்சமிருக்கும் இரண்டு ஆலைகளில் லெ கோல் இருப்பது சேன்-லூயியில், சிலாவோஸ் சாலையின் காலடியில். புவா-ரூழ் இருப்பது சேன்-ஆந்த்ரேயில், சலசி சாலையின் காலடியில். கஷலோ என்று இங்கே சொல்லும் பிரம்மாண்டக் கரும்பு வண்டிகள் சிந்திப்போகும் சோகையும் சேறும் தூறல் விழுந்ததும் சாலையை வழுக்குமரமாக்கிவிடும். மலைவளைவுகளுக்குப் பயந்து பயந்து ஓட்டிவிட்டு, இறங்கிய பிறகு ஆலைக்கு அருகேயுள்ள வட்டச் சந்திப்பில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். டிசம்பர் முதல் ஏப்ரல்வரை புயல்காலம். 2025 பிப்ரவரி 28-இல் கரான்ஸ் புயல் தீவின் மேலேயே ஏறியது. அப்படியொன்றுக்குப் பிறகு வரைபடத்தில் இருக்கும் சாலை தரையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த வழியானாலும், கிளம்புவதற்கு முந்தைய இரவே இன்ஃபோரூத் தளத்தைப் பாருங்கள், எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று அங்கே வரும். சிலாவோஸ் மூடியிருந்தால் சுற்றுவழி எதுவுமில்லை, மைதோவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். க்ரான் ப்ரூலேயில் என்-2 மூடியிருந்தால் எரிமலைவரை போய்விட்டு அதே என்-3-இல் சேன்-பியேருக்கு இறங்கிவிடலாம், பகலிலேயே வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.